அனுப்புவதும் அழைத்துச் செல்வதும்

"ஏனுங்க சார், வெயில்ல நிக்கறதுதான் படிப்புன்னா எங்கூடவே நின்னுக்கலாமுங்களே! அதுக்கு எதுக்குங்க பள்ளிக்கூடம்?"

கேட்டவர் கல்வி வல்லுநர் அல்லர். மேடையேறி முழங்கும் தலைவரும் அல்லர். கோவைக்குக் கிழக்கே, நொய்யலுக்குச் சில கல் தொலைவில் உள்ள ஊரொன்றில், தென்னந்தோப்புகளில் தேங்காய் உரித்துக் கூலி பெறும் உழைப்பாளி. அவருடைய மகன் ஆறாம் வகுப்பில் என்னிடம் படிக்கிறான். முந்தின நாள் பிற்பகல், வகுப்புப் பிள்ளைகள் அனைவரையும் வற்றிய குளத்தின் கரைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். ஒரு கோலை நட்டு அதன் நிழலை அளப்பது, அதே நேரத்தில் பனைமரத்தின் நிழலையும் அளப்பது, இரண்டையும் கொண்டு, ஏறாமலேயே மரத்தின் உயரத்தைக் கண்டுபிடிப்பது: இதுதான் அன்றைய பாடம். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அந்தப் பையன் செம்மண் படிந்த சட்டையோடு வீடு திரும்பினான். மறுநாள் காலை, வேலைக்குப் போகும் வழியில், தந்தை பள்ளி வாயிலில் வந்து நின்றார்.

அவர் சினந்து பேசவில்லை. சினந்திருந்தால் விடை சொல்வது எளிதாக இருந்திருக்கும். "என்னைய ஆறு வயசுலயே பண்ணாடி தோட்டத்துல மாடு மேய்க்க உட்டுட்டாங்க. வெயிலு, மண்ணு, மரம், எல்லாம் நான் பாத்துப் போட்டனுங்க. பையனாவது நெழல்ல உக்காரட்டும்னுதானுங்க இங்க அனுப்பறது" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். போய்விட்டார். அவர் போய்விட்டார், கேள்வி போகவில்லை.

நிழலை அளப்பதற்காகப் பிள்ளைகளை வெயிலுக்கு அழைத்தவன் நான். நிழலில் உட்காருவதற்காகப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியவர் அவர். எங்கள் இருவரில் நேர்மை யார் பக்கம்?

கல்லூரியில் நான் புரட்டிய ஏடுகள் எல்லாம் என் பக்கமே நின்றன. பிள்ளையை இயற்கையின் மடியில் வளர விடுங்கள் என்றார் ஜெனீவாவில் பிறந்த அறிஞர் ரூசோ. 1762இல் அவர் எழுதிய 'எமிலி' ஐரோப்பாவையே உலுக்கிற்று. 1901இல் தாகூர் சாந்திநிகேதனில் மர நிழலையே வகுப்பறை ஆக்கினார். 1904இல் செருமனியில், பெர்லினை அடுத்த சார்லட்டன்பர்க்கில், பைன் மரக் காட்டுக்குள் ஒரு பள்ளி தோன்றியது. ஆலைப் புகையில் நலிந்த நகரத்துப் பிள்ளைகளுக்குக் காற்றும் கதிரும் கொடுத்துக் கற்பித்தனர். நம் காலத்து மருத்துவ ஆய்வும் அதே பக்கம் சாய்கிறது. சீனத்தின் குவாங்சோ நகரில் தொடக்கப்பள்ளிகள் சிலவற்றில், நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் பிள்ளைகளை வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுக்குப் பின், வெளியே விடப்படாத பிள்ளைகளில் 100க்கு ஏறக்குறைய 40 பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே விடப்பட்டவர்களில் அது 30. ஆய்வு முடிவு 2015இல் வெளிவந்தது. கண்ணுக்கே கதிரவன் மருந்தாகிறான்!

ஆனால் ரூசோவின் ஏட்டை மறுபடி எடுத்துப் பார்த்தபோது என் முகம் சுண்டியது. எமிலி யார்? செல்வர் வீட்டுப் பிள்ளை. அவன் ஒருவனுக்கென்றே ஓர் ஆசிரியர். வேறு வேலை இல்லாத ஆசிரியர். ஏழையின் பிள்ளைக்கு? அவனுக்குக் கல்வி தேவையில்லை, அவன் பிறந்த நிலையே அவனுக்கு வேண்டியதைக் கற்பித்துவிடும் என்ற கருத்தை அதே ஏட்டின் முதற் பகுதியில், ஊரை விடுவித்துக்கொள்ளச் சொன்ன அதே பேனா எழுதியிருக்கிறது. தம் ஐந்து குழந்தைகளையும் அநாதை விடுதிக்கு அனுப்பிவிட்டவர் அந்தப் பேரறிஞர் என்பதும் உலகறிந்த செய்தி.

பிறந்த நிலையே கற்பித்துவிடுமாம்! இந்தக் குரல் நமக்குப் புதிதா? நாட்டின் வேறு பகுதியினருக்குப் புதிதாக இருக்கலாம், தமிழ்நாட்டாருக்கு அன்று.

1953ஆம் ஆண்டு. சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் ஆச்சாரியார். சிற்றூர்த் தொடக்கப்பள்ளிகளின் நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்தார். பிள்ளைகள் இரு பிரிவாக மாறி மாறி வருவர். எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலையோ ஊர்த் தொழிலையோ பழகுவர். அவருடைய வாதத்தை ஒதுக்கிவிட்டுப் பேசுவது முறையன்று. பணம் இல்லை, கட்டடம் இல்லை, ஆசிரியர் இல்லை. இருப்பதைக் கொண்டு இரு மடங்கு பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்றார். கைத்தொழிலுக்கும் மதிப்பு வேண்டும் என்றார். சிற்றூரை அறியாதவர் என்றும் அவரைத் தள்ளிவிட முடியாது. 1925 முதல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நடத்தியவர். கொங்கு நாட்டின் வறண்ட காட்டையும் வாடிய முகத்தையும் அருகிருந்து பார்த்தவர்.

பார்த்தவர் ஏன் அப்படிச் செய்தார்? என் கருத்தில், அவர் ஊரைப் பார்த்தார். ஊரின் வேலியைப் பார்க்கவில்லை. வண்ணார் மகன் எஞ்சிய பொழுதில் எங்கே போவான்? துறைக்கு. செருப்புத் தைப்பவர் மகன்? தோலுக்கு. பண்ணையாள் மகன்? பண்ணைக்கு. வழக்கறிஞர் மகன்? அவன் நகரத்தில் இருக்கிறான். அவன் பள்ளிக்கு இந்தத் திட்டமே இல்லை! மூன்று மணி நேரம் மிச்சமாயிற்று என்பது கணக்கு. யாருடைய மூன்று மணி நேரம் என்பதுதான் நீதி. அதனால்தான் ஈரோட்டிலிருந்து எழுந்த பெரியார் அதைக் குலக்கல்வி என்று பெயர் சொல்லி அழைத்தார். ஒரு சொல் ஒரு திட்டத்தைத் தோலுரித்தது! 1953 ஜூலையில் திராவிட முன்னேற்றக் கழகம் மும்முனைப் போராட்டம் நடத்தியபோது, ஆச்சாரியார் இல்லத்தின் முன் நடந்த குலக்கல்வி எதிர்ப்பு மறியலுக்குத் தலைமை ஏற்றவரும் ஈரோட்டுக்காரர்தாம், ஈ.வெ.கி. சம்பத். 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது. அதை அறிவித்தவர் ஆச்சாரியார் அமைச்சரவையிலும் இடம்பெற்றிருந்த சி. சுப்பிரமணியம், அவர் பொள்ளாச்சிப் பகுதிக்காரர். பிணக்கும் தீர்ப்பும் கொங்கு நாட்டு ஆட்களின் வழியாகவே நடந்தேறியது வேடிக்கையான ஒற்றுமை.

தேங்காய் உரிக்கும் அந்தத் தந்தை 1953ஐப் படித்தவர் அல்லர். ஆனால் அவர் வாயிலில் நின்று கேட்டது 1953இன் கேள்வியே. பள்ளிச் சுவர் அவருக்குச் சிறைச்சுவர் அன்று, தடுப்புச் சுவர். உள்ளே தன் மகன். வெளியே பண்ணாடியின் தோட்டம். தோட்டத்துக்காரரைக் கூலியாட்கள் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் அழைக்கிறார்கள். அந்தச் சுவரில் ஆசிரியனே ஓட்டை போட்டால் அவர் பதறமாட்டாரா?

இத்தோடு நிறுத்திவிட்டால் பிள்ளைகளைப் பெஞ்சியில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிடலாம். மனச்சான்றும் தூங்கிவிடும். ஆனால் சுவரையே தெய்வமாக்கினால் என்ன ஆகும் என்பதையும் நம் கொங்கு மண்ணே காட்டியிருக்கிறது. நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களில் விடுதியோடு கூடிய தனியார் பள்ளிகள் பெருகின. மாநிலத்தின் மதிப்பெண் பட்டியலில் ஆண்டுதோறும் முன்னே நின்றன. பதினோராம் வகுப்பில் பதினோராம் வகுப்புப் பாடத்தையே ஒதுக்கிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு ஆண்டும் உருப்போட வைக்கும் முறை வேரூன்றிற்று. கோழிப் பண்ணைகளுக்கும் முட்டைக்கும் பேர்போன பகுதி அல்லவா? ஊரார் அவற்றுக்கு வைத்த பெயர் 'பிராய்லர் பள்ளி'! கூண்டும் விளக்கும் தீனியும் எடையும், பெயர் பொருந்திவிட்டது. 2017இல் முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் அறிவிக்கும் முறையை அரசு நிறுத்தியது. பாடத்தை ஒதுக்குவதைத் தடுக்க 2017-18இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தது. பிறகு 2025இல் அந்தத் தேர்வும் கைவிடப்பட்டது. தேர்வு வரும், போகும். மழை பெய்தால் எந்தத் திசையில் நீர் ஓடும் என்று அறியாமல் நீரியல் வினாவுக்கு முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளை இருந்துகொண்டே இருக்கிறது.

அடைத்து வைப்பதும் அடக்குமுறை. அவிழ்த்து விடுவதும் ஏமாற்று. அப்படியானால் வெளியே என்னதான் இருக்கிறது? என் பாடத்திலிருந்தே சொல்லுகிறேன்.

நிழலை எடுத்துக்கொள்வோம். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராக இருந்த எரட்டோஸ்தனிஸ், நண்பகல் நிழலைக் கொண்டே பூமிப் பந்தின் சுற்றளவைக் கணக்கிட்டார். தெற்கே சையீன் என்னும் ஊரில், ஆண்டின் நெடிய பகல் அன்று, நண்பகலில் நிழல் விழாது. கதிர் கிணற்றின் அடிவரை செங்குத்தாக இறங்கும். அதே நாளில் அலெக்சாந்திரியாவில் நிழல் விழுந்தது. அது காட்டிய கோணம் வட்டத்தில் 50இல் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் இடையே உள்ள தொலைவை 50ஆல் பெருக்கினார். உலகம் கைக்குள் வந்துவிட்டது! இதைக் கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகள் பார்வை ஏட்டில் எழுதிக்கொள்வதில் இருந்தது. பிறகு ஒன்று சொன்னேன். "நம் ஊரிலும் நிழல் இல்லாத நண்பகல் உண்டு. ஆண்டுக்கு இரண்டு நாள். கோவை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகையில் இருக்கிறது. கதிரவன் வடக்கே ஏறும்போது ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒரு நாளும், திரும்பும்போது ஆகஸ்டு நான்காம் வாரத்தில் ஒரு நாளும் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கிறான்." முப்பது முகங்களும் நிமிர்ந்தன. "பன்னெண்டு மணிக்குங்களா சார்?" என்றாள் ஒரு சிறுமி. இல்லை, ஆகஸ்டில் பன்னிரண்டு அடித்து ஏறக்குறைய 24 நிமிடம் கழித்து. ஏன்? நம் கடிகாரம் காட்டுவது நம் ஊர் நேரத்தை அன்று. 82½ பாகைக் கிழக்கு நெடுங்கோட்டின் நேரத்தை. நாம் இருப்பது 77 பாகையில். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். மிச்சத்தைப் பிள்ளைகளே கணக்கிட்டுக்கொண்டார்கள். தந்தைமார் ஆண்டாண்டாகச் சுமந்த அதே வெயில். அதில் இத்தனை கணக்கு ஒளிந்திருப்பதை அவர்களுக்குச் சொன்னவர் எவருமில்லை.

இன்னொன்று. நீரோடைக் கரையில் பேய்க்கரும்பு என்று ஒதுக்கப்படும் காட்டுப் புல் வளர்கிறது. தேங்காய் உரிப்பவர் மகனுக்கு அது நன்றாகத் தெரியும். ஓரத்தில் கை வைத்தால் அறுக்கும் என்பதும் தெரியும். ஆனால் அது பாடமாகுமென்று அவனுக்குத் தெரியாது. 1912இல் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் அமைந்தது. வெள்ளை என்னும் கரும்பு வகையோடு இந்தக் காட்டுப் புல்லின் கோவை வகையைக் கலந்து அங்கே உருவானதுதான் 1918இல் வெளிவந்த 'கோ 205'. வடநாட்டுக் குளிரையும் வறட்சியையும் தாங்கி வளர்ந்தது. 'கோ' என்பது கோயம்புத்தூர்! தெருவோரப் புல்லின் வலிமையைக் கடன் வாங்கித்தான் வடநாட்டுக் கரும்புக் காடு செழித்தது. அதே நிலையத்தில் 1930களில் பணியாற்றிய செடியியல் அறிஞர் ஜானகி அம்மாள், பெண் என்பதாலும் பிறப்பாலும் ஒதுக்குதலைச் சந்தித்தவர். கரும்பின் உயிரணுக்களை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார். மண்ணில் கை வைப்பது இழிவா? அறிஞர் வைத்தால் ஆராய்ச்சி. உழைப்பாளி வைத்தால் இழிதொழிலா? கையில் வேறுபாடு இல்லை. ஏடு யார் கையில் சேர்ந்தது என்பதில்தான் வேறுபாடு.

கொடுமணலுக்கும் ஒருமுறை போனோம். நொய்யலின் வடகரை, ஈரோடு மாவட்டம், பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிக்கும் ஊர். 1980களிலும் பின்னரும் நடந்த அகழாய்வுகளில் அங்கே இரும்பு உருக்கிய உலைகள், அரிய கற்களை அறுத்து மணி செய்த தொழிற்களங்கள், தமிழ் எழுத்தில் பெயர் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. இன்று பார்த்தால் வெறும் காடு, பெருங்கற்கால ஈமக் கல்வட்டங்கள், ஆடு மேய்கிறது. பிள்ளைகளில் சிலர் ஏமாந்து போனார்கள். கோட்டை இருக்கும் என்று நினைத்தார்களாம். ஆனால் கைத்தொழிலாளர் குடியிருந்த ஊரில் எழுத்தும் குடியிருந்தது என்பதை அந்த மண்ணில் நின்று சொல்லும்போது, ஏட்டில் சொல்வதைக் காட்டிலும் அது பத்து மடங்கு உறைக்கிறது. கை வேறு, எழுத்து வேறு; இன்னாருக்கு உழைப்பு, இன்னாருக்கு எழுத்து என்று பிரித்து வைத்தது இயற்கையின் ஏற்பாடு அன்று, இடையில் வந்த ஏற்பாடு என்பதற்கு அந்தப் பானை ஓட்டைவிட வேறென்ன சான்று வேண்டும்?

திரும்பும் வழியில் நொய்யலைப் பார்த்தோம். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிறது; கோவை, திருப்பூர் வழியே ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. பாசனத்துக்கென்று 1992இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்டது. தேங்கியது பாசன நீரா? திருப்பூர்ச் சாயக் கழிவு. சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. நுரை பூத்த நீரைப் பார்த்துப் பிள்ளைகள் கேட்டார்கள்: "யாருங்க சார் இதை உட்டாங்க?" பாதிப் பிள்ளைகளின் அக்காமாரும் அண்ணன்மாரும் பனியன் கம்பெனிக் கூலியில்தான் வீட்டுக்கு அரிசி வாங்குகிறார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. வகுப்பறைக்குள் கேட்கப்படாத கேள்விகள் வெளியே கேட்கப்படும். வெளியே போவதில் மாணவருக்கு உள்ள நன்மையும் ஆசிரியருக்கு உள்ள அச்சமும் இதுவே.

வெளியே போனால் எல்லாம் விடுதலை என்றும் எண்ணிவிடக் கூடாது. வெளியிலும் சுவர் உண்டு. நிலப்படம் வரையும் பாடத்துக்காகப் பிள்ளைகளை நான்கு குழுவாக்கி, ஊரைச் சுற்றி வந்து ஊரின் படத்தை வரையச் சொன்னேன். நான்கு படம் வந்தது. நான்கும் நான்கு ஊர்! ஒரு படத்தில் கோயில், சாவடி, பால் சொசைட்டி எல்லாம் இருந்தன, காலனி இல்லை. இன்னொன்றில் காலனியும் அதன் தண்ணீர்த் தொட்டியும் சுடுகாட்டுப் பாதையும் தெளிவாக இருந்தன. கோயிலைச் சுற்றியிருக்கும் வீதிகள் இருக்குமிடம் வெறும் வெள்ளைத்தாள். "இது ஏன் காலியா இருக்குது?" என்றேன். "அந்தப் பக்கம் நாங்க போனதில்லீங்க சார்." சொன்னது பதினொரு வயது. குரலில் வருத்தம்கூட இல்லை. மழை பெய்யும், வெயில் அடிக்கும் என்று சொல்வது போலச் சொன்னான். பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தை இன்று சிலர் ஏக்கத்தோடு நினைக்கிறார்கள். மணலில் விரலால் எழுதிப் பழகிய முறையை எழும்பூரில் பார்த்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் அதை 1790களில் தம் பள்ளியில் கைக்கொண்டு இங்கிலாந்துவரை கொண்டுபோனார் என்பதும் உண்மை. ஆனால் திண்ணை யாருடையது? தெருவிலேயே கால் வைக்கக் கூடாதவன் திண்ணையில் எங்ஙனம் உட்கார்வான்? காற்றோட்டம் மட்டும் போதாது. தோழர்களே, கதவோட்டமும் வேண்டும்.

மறுநாள் நான்கு படத்தையும் ஒட்டி ஒரே படமாக்கினோம். பிறகு படத்தின்படி எல்லாரும் ஒன்றாக எல்லாத் தெருவும் நடந்தோம். சீருடை அணிந்த பிள்ளைகள், முன்னால் ஆசிரியன், யாரும் தடுக்கவில்லை. திண்ணையில் இருந்த ஒரு முதியவர் மட்டும் எழுந்து உள்ளே போனார். அன்று அந்தப் பையன் வெள்ளைத்தாளில் நான்கு கோடு வரைந்தான். நிலநூல் பாடம் என்று பார்த்தால் நான்கு கோடுதான்.

இப்போது அந்தத் தந்தையின் கேள்விக்கு என்னால் ஓரளவு விடை சொல்ல முடிகிறது. அனுப்புவது வேறு, அழைத்துச் செல்வது வேறு. 1953இல் பிள்ளையை அனுப்பினார்கள். அவன் பிறந்த இடத்துக்கே அனுப்பினார்கள், அவனைத் தனியே அனுப்பினார்கள், அவனை மட்டும் அனுப்பினார்கள். அழைத்துச் செல்லும் ஆசிரியன் உடன் நடக்கிறான். பிள்ளை அறியாத இடத்துக்கு நடக்கிறான், அறிந்த இடமானால் அதை அறியாத கண்ணோடு பார்க்கச் செய்கிறான். மாலையில் எல்லாரையும் எண்ணி ஏட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கிறான். திருப்பிக் கொண்டுவருவதைச் சிறு வேலை என்று நினைக்கிறவர்கள் 2020, 2021ஆம் ஆண்டுகளை நினைத்துப் பார்க்கட்டும். தொற்றுக்கு அஞ்சிப் பள்ளிகள் மூடப்பட்டன. பிள்ளைகள் அனைவரும் 'வெளியே'. வீட்டில் கைப்பேசியும் அமைதியும் இருந்த பிள்ளை படித்தது. இல்லாத பிள்ளை விசைத்தறிக்கும் தோட்டத்துக்கும் போனது. நான் அப்போது கல்லூரி மாணவன். எங்கள் தெருவில் அப்படிப் போன சிலர் திரும்பி வரவேயில்லை. 2021 அக்டோபரில் தமிழ்நாட்டரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது, மரத்தடியிலும் வாசலிலும் தன்னார்வலர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்களே, அது அழைத்துவரும் வேலை. அதே மரத்தடிதான், நோக்கம் வேறு.

ஒன்றிய அரசின் 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையில், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குப் புத்தகப்பை இல்லாத பத்து நாள் என்று ஒரு பகுதி இருக்கிறது. தச்சர், குயவர், தோட்டக்காரர், கலைஞர் ஆகியோரிடம் பிள்ளைகள் சென்று பழகவேண்டுமாம். இதில் குலக்கல்வியின் வாடை அடிக்கிறது என்று நம் இயக்கத்தார் சொன்னார்கள். பத்து நாள் ஒருவனைக் குயவனாக்கிவிடாது என்று மறுமொழி வந்தது. குயவரிடம் பிள்ளை போகவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். என் வகுப்புப் பிள்ளைகளை நானே சக்கரத்தின் முன் உட்காரவைப்பேன். என் ஐயம் வேறு. குயவர் மகனை அந்தப் பத்து நாளில் எங்கே கொண்டுபோவீர்கள்? மருத்துவமனைக்கா, நீதிமன்றத்துக்கா, வானாய்வு நிலையத்துக்கா? அதற்கும் ஏட்டில் ஒரு வரி இருந்தால் என் ஐயம் பாதி தீரும். காந்தியாரின் 1937ஆம் ஆண்டு ஆதாரக் கல்விக்கும் இதே கதிதான் நேர்ந்தது. நோக்கம் உயர்ந்தது, ஆனால் இராட்டையும் மண்வெட்டியும் ஏழைகளின் பள்ளியிலேயே தங்கிவிட்டன, செல்வர் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குப் போய்விட்டார்கள்.

இன்றோ வேறொரு வேடிக்கை. கோவையைச் சுற்றியுள்ள கட்டணப் பள்ளிகளின் விளம்பரங்களைப் பாருங்கள்: இத்தனை ஏக்கர் பசுமை, இயற்கையோடு இயைந்த கல்வி, மலையேற்றம், மாட்டுத் தொழுவம்கூட! ஏழையின் பிள்ளை தப்பி ஓடிவந்த தொழுவத்தை, செல்வர் பிள்ளை பணம் கட்டிப் பார்க்கிறது. இவன் கல்வி என்று கேட்டது நிழல். அவனுக்குக் கல்வி என்று விற்பது வெயில். இருவரும் ஒரே வெயிலில் ஒரே கோலின் நிழலை அளக்கும் நாள் எந்நாள்?

இந்தக் கேள்வி நானாகக் கண்டுபிடித்தது அன்று. இந்த ஆகஸ்டில் நிழலற்ற நண்பகலைப் பார்க்கப் பிள்ளைகளை மீண்டும் குளத்தங்கரைக்கு அழைத்துப்போக முடிவு செய்து, இசைவு கேட்டு அந்தத் தந்தையின் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்: எரட்டோஸ்தனிஸ், பேய்க்கரும்பு, கொடுமணல். பொறுமையாகக் கேட்டார். பேய்க்கரும்பு பற்றிச் சொன்னபோது சிரித்தார். "உச்சி வெயிலுக்கு முன்னாடி திருப்பிக் கூட்டிட்டு வந்துருவீங்களா?" என்றார். முடியாது என்றேன், உச்சி வெயிலில்தான் பாடமே இருக்கிறது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"பண்ணாடி பேரன் இருக்கறானுங்களே, நம்ம பையன் வயசுதானுங்க. அவனும் வருவானுங்களா அந்த வெயிலுக்கு?"

அந்தப் பிள்ளை எங்கள் பள்ளியில் இல்லை. மஞ்சள் நிற வண்டியில் பதினைந்து கல் தொலைவிலுள்ள பள்ளிக்குப் போகிறான். உண்மையைச் சொன்னேன். அன்றிரவே அந்தப் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதினேன்: ஆகஸ்டு நான்காம் வாரத்தில் ஒரு நண்பகல், உங்கள் ஆறாம் வகுப்பையும் எங்கள் ஆறாம் வகுப்பையும் ஒரே குளத்தங்கரையில் நிறுத்தலாமா, கோல் நாங்கள் கொண்டு வருகிறோம் என்று. மூன்று வாரமாகிறது. மறுமொழி வரவில்லை. தந்தை மட்டும் நேற்று வாயிலில் சைக்கிளை நிறுத்தி, "கடுதாசிக்கு என்னுங்க ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.